ஸ்கேனுக்கான நானோ துகள்கள்: செய்வதும் சோதிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கல்லூரிகளில் நானோ துகளை எடுத்துக்கொண்டு எம்.எஸ்சி. புராஜெக்ட்டோ பிஎச்.டி.யோ தொடங்குபவர்கள் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்கும் ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டபடியே போட்டிருக்கிறோம். மேலே சொன்னதைக் கீழே மறுபடி சொல்லவில்லை. வரிசையாகப் படிப்பது நல்லது.

ஸ்கேன்ல நானோ துகள் என்ன வேலை செய்யுது? எல்லாத் துகளும் எல்லா ஸ்கேனுக்கும் ஆகுமா?

ஆகாது. எம்ஆர்ஐ பார்ப்பது உடம்பு நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவை. பக்கத்தில் இரும்பு ஆக்சைடு துகள் இருந்தால் டி2 என்னும் தளர்வு நேரம் (சிக்னல் தேயும் நேரம்) குறைந்து அந்த இடம் படத்தில் கறுக்கும். சிடி பார்ப்பது எக்ஸ் கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை. அதற்கு அணு எண் பெரிதாக இருக்க வேண்டும்: அயோடினுக்கு 53, தங்கத்துக்கு 79, பிஸ்மத்துக்கு 83. ஒளிர்வைப் பார்க்கும் கருவிகளுக்குக் குவாண்டம் டாட் (ஒளிரும் குறைக்கடத்தித் துகள்), இட்டர்பியமும் எர்பியமும் கலந்த சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு போன்றவை உண்டு. இரண்டாவது வகை 980 நானோமீட்டர் லேசரை வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிரும்.

எந்த ஸ்கேன் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். துகளைச் செய்து முடித்துவிட்டு 'இதை எதற்குக் காட்டலாம்' என்று தேடும் புராஜெக்ட்கள்தான் பாதியில் நிற்கின்றன.

எங்க காலேஜ்ல பெரிய கருவி எதுவும் இல்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

இரும்பு ஆக்சைடு. வேதிப்பொருள் விலை குறைவு, தண்ணீரிலேயே செய்யலாம், ஃபியூம் ஹுட், மேலிருந்து சுழலும் ஸ்டிரர், பிஹெச் மீட்டர், யுவி-விசிபிள் கருவி இருந்தால் பாதிக்கு மேல் உங்கள் அறையிலேயே முடியும். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிகத்தைப் பார்ப்பது), டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி), விஎஸ்எம் (காந்தத்தன்மையை அளப்பது) போன்றவற்றுக்குக் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் மையக் கருவிக்கூடம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னை ஐஐடியின் சைஃப் (வெளியாருக்கும் திறந்த கருவி மையம்) ஆகியவற்றில் கேட்டுப் பாருங்கள். எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பதை ஐ-ஸ்டெம் என்ற அரசின் கருவித் தேடல் தளத்திலும் தேடலாம்.

குவாண்டம் டாட் கவர்ச்சியானது. 2023 வேதியியல் நோபலும் அதற்குத்தான் போனது. ஆனால் வழக்கமான வகையில் கேட்மியம் இருக்கிறது. கழிவை எங்கே கொட்டுவது என்ற பதில் கையில் இல்லாத ஆய்வகம் அதைத் தொட வேண்டாம்.

இரும்பு ஆக்சைடு செய்முறையை அளவோட சொல்லுங்க.

100 மில்லி அயனி நீக்கிய நீரை அரை மணி நேரம் நைட்ரஜன் குமிழவிட்டு ஆக்சிஜனை வெளியேற்றுங்கள். சிலிண்டர் இல்லையென்றால் 20 நிமிடம் கொதிக்கவைத்து, மூடியபடியே ஆறவிடுங்கள். அதில் ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 2.70 கிராம், ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 0.99 கிராம். இது 10 மில்லிமோலுக்கு 5 மில்லிமோல், அதாவது 2:1. 70 முதல் 80 டிகிரிக்குச் சூடாக்கி, வேகமாகச் சுழலும்போது 25% அம்மோனியா 10 மில்லியை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கணக்குப்படி 3 மில்லி போதும். பிஹெச் 10-ஐ ஒட்டி நிற்கத்தான் மீதி. ஊற்றிய நொடியில் கரைசல் மை போலக் கறுக்க வேண்டும். அரை மணி நேரம் சுழலட்டும். முழு விளைச்சல் 1.16 கிராம், கழுவலில் கொஞ்சம் போகும்.

காந்த ஸ்டிரர் வேண்டாம். துகளெல்லாம் போய் அந்தக் கட்டையிலேயே அப்பிக்கொள்ளும்.

அடுத்தது துகளுக்குச் சிட்ரேட் உறை போடுவது. பீக்கரின் அடியில் நியோடிமியம் காந்தம் வைத்து, மேல்நீரை இறுத்து, இரண்டு மூன்று முறை கழுவுங்கள். அம்மோனியா போகாமல் சிட்ரிக் அமிலம் போட்டால் அமிலம் அதை நடுநிலையாக்குவதிலேயே தீர்ந்துவிடும். கழுவியதை 100 மில்லி நீரில் கலக்கி, 2 கிராம் சிட்ரிக் அமிலத்தை 4 மில்லி நீரில் கரைத்துச் சேர்த்து, பிஹெச்சை 5 அருகில் கொண்டுவந்து, 90 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு 12–14 கிலோடால்டன் டயாலிசிஸ் பையில் இரண்டு நாள், நீரை மாற்றி மாற்றி.

கறுப்பா வர வேண்டியது செம்பழுப்பா வருது. என்ன தப்பு?

முதல் சந்தேகம் ஃபெரஸ் குளோரைடு பாட்டில்மேல். புதிதாக இருந்தால் வெளிர்பச்சை. மஞ்சளோ பழுப்போ தட்டியிருந்தால் பாதி ஃபெரிக் ஆகிவிட்டது. 2:1 என்று நீங்கள் எடைபோட்டது உண்மையில் 5:1-ஆகக்கூட இருக்கலாம். இரண்டாவது, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுவது: பிஹெச் குறைவாக இருக்கும் நேரம் நீண்டு, காந்தம் இழுக்காத ஹைட்ராக்சைடுகள் உருவாகின்றன. மூன்றாவது, அடிக்கடி திறந்த அம்மோனியா பாட்டில். நம் ஊர் மே மாத வெயிலில் அது லேபிளில் உள்ள 25 சதவீதத்தில் நிற்காது.

ஆனால் செய்தபோது கறுப்பாக இருந்து, பாட்டிலில் வாரக்கணக்கில் வைத்தபின் மெல்லப் பழுப்பானால் பதற வேண்டாம். மேக்னடைட் (கறுப்பு இரும்பு ஆக்சைடு) காற்றில் மேக்ஹெமைட்டாக (அதன் பழுப்பு வடிவம்) மாறுகிறது. காந்தத்தன்மை கொஞ்சம் குறையும், எம்ஆர்ஐ வேலைக்கு ஆகும். கட்டுரையில் மட்டும் 'மேக்னடைட்' என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

மழைக்காலத்துல செஞ்சா மட்டும் சரியா வரலை. மனப்பிரமையா?

பிரமை இல்லை. ஃபெரிக் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையும் பொருள். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரக் காற்றில் பாட்டிலைத் திறந்துவைத்து எடைபோட்டால், ஸ்பேட்டுலாவில் ஒட்டும் மஞ்சள் சேறாகவே வரும். 2.70 கிராமில் எவ்வளவு உப்பு, எவ்வளவு மழை என்று தராசுக்குத் தெரியாது.

இதற்கு வழி, எடையை நம்பாமல் இருப்பது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஃபெரிக் கரைசலை ஒரேயடியாகத் தயாரித்து, அதிலுள்ள இரும்பை அளந்து (முறை கீழே வருகிறது), இனிமேல் மில்லி கணக்கில் எடுங்கள். ஃபெரஸ் உப்பை மட்டும் அன்றன்றைக்குப் புதிதாக எடைபோடுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வையுங்கள்.

ஆர்ஓ தண்ணி போதாதா?

கண்ணாடியை முதல் கழுவு கழுவப் போதும். ஆர்ஓ உப்பைக் குறைக்கும், ஒழிக்காது. கடலோரத்துப் போர் நீரில் தொடக்கத்திலேயே குளோரைடு அதிகம். இரும்பு ஆக்சைடு ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தங்கம் பொறுக்காது. தங்கத்துக்கு 18.2 மெகாஓம்-செ.மீ. (மிகத் தூய) நீர் வேண்டும், கண்ணாடியை ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கழுவியிருக்க வேண்டும்.

தங்கத்தின் அளவு: 0.01% குளோரோஆரிக் அமிலம் 50 மில்லியைக் கொதிக்கவைத்து, 1% டிரைசோடியம் சிட்ரேட் 1 மில்லியை ஒரே வீச்சில் சேர்த்தால் சுமார் 16 நானோமீட்டர். அரை மில்லி என்றால் 40 பக்கம் போகும். வெளிர்மஞ்சள் நிறமற்றுப் போய், கருநீலமாகி, ஒயின் சிவப்பில் நிற்கும். நீலத்திலேயோ ஊதாவிலேயோ நின்றுவிட்டால் நீரையும் கண்ணாடியையும் பாருங்கள்.

சிட்ரேட் போட்டதும் காந்தம் இழுக்கலை. கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் நேர் எதிர். உறை நன்றாக ஏறிவிட்டது. பத்து நானோமீட்டர் துகள் தனியாக நிற்கும்போது காந்தம் அதை இழுக்கும் விசையைவிட, நீர் மூலக்கூறுகள் அதைத் தள்ளிக் கலக்கும் வெப்ப அசைவு பெரிது. உறை போடுமுன் துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்திருந்தன. கட்டியை இழுப்பது எளிது.

உறுதிசெய்ய: காந்தத்தை ஒட்டி ஒரு ராத்திரி வையுங்கள், அந்தப் பக்கம் நிறம் கூடும். அல்லது ஒரு மில்லியில் சிட்டிகை உப்பு போடுங்கள். துகள்கள் திரண்டு உடனே காந்தத்துக்கு ஓடும். இரண்டும் நடக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், அப்போது செம்பழுப்புக் கேள்விக்குத் திரும்புங்கள்.

எக்ஸ்ஆர்டில 10, டெம்ல 12, டிஎல்எஸ்ல 48 நானோமீட்டர். எதை எழுதறது?

மூன்றையும், எது எதிலிருந்து வந்தது என்று சொல்லி. எக்ஸ்ஆர்டி தருவது ஒழுங்கான படிகத்தின் அளவு. டெம் உலர்ந்த துகளின் உருவம். உறை பெரும்பாலும் அதில் தெரியாது. டிஎல்எஸ் (ஒளிச்சிதறலால் அளவு காண்பது) நீரில் நகரும் முழு உருவத்தை, உறையோடும் ஒட்டிய நீரோடும் சேர்த்துப் பார்க்கிறது. அதோடு ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்காக ஏறும்: 100 நானோமீட்டர்க் கட்டி ஒன்று, 10 நானோமீட்டர்த் துகள் பத்து லட்சத்துக்குச் சமமாகச் சிதறும். ஆக 48 என்பது 'சில கட்டிகள் இருக்கின்றன' என்ற தகவல். 0.22 மைக்ரான் ஃபில்டரில் விட்டு, நீர்த்து, மறுபடி அளந்து பாருங்கள். பிடிஐ (அளவுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற எண்) 0.2-க்கு மேல் இருந்தால் அந்தச் சராசரியை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

டெம்மில் அழகான மூலையை மட்டும் படமெடுத்து முப்பது துகளை எண்ணுவது வழக்கமாகிவிட்டது. கிரிட்டின் வேறுவேறு இடங்களில் இருநூறாவது எண்ணுங்கள்.

ஷெரர் ஃபார்முலாவுல 0.17 நானோமீட்டர்னு வருது!

எக்ஸ்ஆர்டி உச்சியின் அகலமான பீட்டாவை ரேடியனில் போடாமல் டிகிரியில் போட்டிருக்கிறீர்கள். மேக்னடைட்டின் அலகுக்கூடே 0.84 நானோமீட்டர், அதைவிடச் சிறிய படிகம் கிடையாது. 35.5 டிகிரி உச்சியின் அரை உயர அகலம் 0.85 டிகிரி என்றால் 0.0148 ரேடியன். தீட்டா 17.75 (35.5 அல்ல), அதன் கொசைன் 0.952. 0.9 × 0.15406-ஐ (பின்னது எக்ஸ் கதிரின் அலைநீளம், நானோமீட்டரில்) இவற்றின் பெருக்கலால் வகுத்தால் 9.8 நானோமீட்டர்.

பின்புலம் மேடாக, இரைச்சலாக வருகிறது என்பதும் இதோடு வரும் புகார். தாமிரக் குழாயின் எக்ஸ் கதிர் இரும்பை ஒளிரவைக்கிறது, அவ்வளவுதான். மெதுவாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மோனோகுரோமேட்டர் இருந்தால் போடச் சொல்லுங்கள்.

ஜீட்டா மைனஸ் 38 இருக்கு. ஆனா சலைன்ல போட்டா அடியில படிஞ்சிடுது. எப்படி?

ஜீட்டாவை (துகளின் மேற்பரப்பு மின்னழுத்தம்) வெறும் நீரில் அளந்தீர்கள். அங்கே மின்னூட்டத்தின் செல்வாக்கு 10 நானோமீட்டருக்கும் மேல் போகிறது. உடம்பின் உப்பளவான 150 மில்லிமோலாரில் அது 0.8-ஆகச் சுருங்கிவிடும். சிட்ரேட் துகள்களை விலக்கி வைப்பது மின்னூட்டத்தால் மட்டுமே. விலக்கம் போனதும் ஒட்டிக்கொள்கின்றன.

உடம்புக்குள் போக வேண்டிய துகளுக்கு பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) அல்லது டெக்ஸ்ட்ரான் போல இடத்தை அடைத்து நிற்கும் உறை தேவை. சோதனையை பிபிஎஸ் (உப்புத் தாங்கல் கரைசல்), 10% சீரம் கலந்த செல் ஊடகம் இரண்டிலும், 37 டிகிரியில், 0, 1, 4, 24, 48 மணி நேரங்களில் டிஎல்எஸ் எடுத்துச் செய்யுங்கள். சீரத்தில் அளவு பத்து இருபது நானோமீட்டர் கூடினால் புரதம் படிந்திருக்கிறது, இயல்பு. நூற்றுக்கணக்கில் ஏறினால் திரள்கிறது. இந்தச் சோதனையில் தோற்ற துகளைச் செல் சோதனைக்கு எடுத்துப் போவதில் பொருளே இல்லை. செல்லுக்குள் போனதா, மேலே மண்ணாகப் படிந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐசிபி இல்லாம இரும்பு எவ்வளவுன்னு எப்படிப் பார்க்கறது?

ஐசிபி (தனிமங்களை அளக்கும் கருவி) இல்லாவிட்டால் ஃபினாந்த்ரோலின் முறை. ஐம்பது மைக்ரோலிட்டர் சாம்பிளில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லி விட்டு, 60 டிகிரியில் பழுப்பு மறைந்து தெளிந்த மஞ்சளாகும்வரை வையுங்கள். நீர்த்து, அதில் ஒரு பங்கை எடுத்து, முதலில் ஹைட்ராக்ஸிலமீன் ஹைட்ரோகுளோரைடு (ஃபெரிக்கை ஃபெரஸ் ஆக்க), பிறகு ஃபினாந்த்ரோலின், கடைசியாகச் சோடியம் அசிடேட். பதினைந்து நிமிடத்தில் ஆரஞ்சுச் சிவப்பு. 510 நானோமீட்டரில் படியுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பு, 1 செ.மீ. குவெட்டில் சுமார் 0.20 காட்டும்.

நிறமே வரவில்லை என்பவர்கள் அசிடேட்டைக் கஞ்சமாக விட்டிருப்பார்கள். மீந்த அமிலம் பிஹெச்சை 3-க்குக் கீழே பிடித்துவைத்திருக்கும்.

எம்டிடில 130% உயிரோட இருக்குன்னு வருது. துகள் செல்லை வளர்க்குதா?

வளர்க்கவில்லை, நிறத்தைக் கூட்டுகிறது. எம்டிடி, அதாவது உயிருள்ள செல் உண்டாக்கும் நிறத்தை அளக்கும் சோதனை, படிப்பது 570 நானோமீட்டரில். இரும்பு ஆக்சைடின் பழுப்பு அங்கே ஒளியை உறிஞ்சும், தங்கத்தின் 520 உச்சியும் அதுவரை நீளும். அந்த ஒளியிழப்பு 'உயிருள்ள செல்' கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மோசமானது என்னவென்றால், செல்லைக் கொல்லும் துகள்கூட இந்தக் கணக்கில் தப்பித்துவிடும்.

ஒவ்வொரு செறிவுக்கும் செல் இல்லாத, துகள் மட்டும் உள்ள கிணறுகள் வையுங்கள், அதைக் கழியுங்கள். எம்டிடி சேர்க்குமுன் பிபிஎஸ்ஸில் இரண்டு முறை கழுவுங்கள். டிஎம்எஸ்ஓவில் கரைத்தபின் தட்டை சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேல்நீரை மட்டும் புதிய தட்டுக்கு மாற்றிப் படியுங்கள். செறிவை இரும்பின் மைக்ரோகிராமில் சொல்லுங்கள், உறையோடு சேர்த்த பொடி எடையில் அல்ல. ஐஎஸ்ஓ 10993-5 கணக்கில் உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு. செல் வரிசைகளைப் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்கலாம். பக்கத்து ஆய்வகத்தில் கடன் வாங்கியது என்றால் மைக்கோபிளாஸ்மா (செல்களில் ஒளிந்து வளரும் பாக்டீரியா) சோதனை செய்யாமல் தொடாதீர்கள்.

ஹீமோலிசிஸ் (சிவப்பணு உடைகிறதா என்ற) சோதனைக்கும் இதே எச்சரிக்கை: ஹீமோகுளோபினை 540-இல் படிக்கிறோம், துகளும் அங்கே நிற்கிறது. ரத்தம் யாருடையதாக இருந்தாலும் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். 'நம்ம பையன்தான் கொடுத்தான்' என்பது அனுமதி ஆகாது.

எம்ஆர்ஐ சோதனைக்கு டியூப்ல ஊத்தி எடுத்துட்டுப் போனா போதுமா?

நீரில் விட்டால் துகள் மெல்ல இறங்கும், தூக்கிப் போகும்போது கலங்கும். 1% அகரோஸைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் துகளைக் கலந்து, குமிழி இல்லாமல் ஊற்றி உறையவிடுங்கள். ஒரு குமிழி இருந்தால் அதைச் சுற்றிப் படம் கறுத்து, துகள் செய்ததுபோலவே தெரியும். இரும்பு 0, 0.05, 0.1, 0.2, 0.4 மில்லிமோலார். டியூப்களை நீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில் நிறுத்துங்கள். சுற்றிலும் காற்று இருந்தால் ஓரங்கள் வளையும்.

டெக்னீஷியனிடம் டி2 எடைப்படம் ஒன்று கேட்டு வாங்கி வராதீர்கள். பல எதிரொலி ஸ்பின் எக்கோ கேளுங்கள், டிஆர் (துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேரம்) 3000 மில்லிசெகண்டாவது. ஒவ்வொரு டியூப்பின் நடுவிலும் சிக்னலை அளந்து, எதிரொலி நேரத்தோடு அது தேயும் வேகத்திலிருந்து டி2. முதல் எதிரொலியை விட்டுவிடுவது நல்லது. 1/டி2-ஐ இரும்புச் செறிவுக்கு எதிரே வரைந்தால் கோட்டின் சாய்வுதான் ஆர்2. 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா என்று எழுதாத ஆர்2 யாருக்கும் உதவாது.

அதிகச் செறிவில் கோடு வளைகிறதா? ஆர்2 100 என்றால், 0.8 மில்லிமோலாரில் டி2 சுமார் 11 மில்லிசெகண்ட். கருவியின் முதல் எதிரொலியே 12-இல் வந்தால் சிக்னல் அதற்குள் பாதிக்கு மேல் செத்திருக்கும். அடுத்தடுத்த எதிரொலிகளில் நீங்கள் அளப்பது இரைச்சலை. அந்தப் புள்ளிகளை நீக்கிவிட்டு, நீக்கியதை எழுதுங்கள்.

ஜிப்மர் ஆனாலும் தனியார் ஸ்கேன் சென்டர் ஆனாலும் நோயாளிகள் முடிந்தபின்தான் நேரம் கிடைக்கும். அறைக்குள் போகுமுன் பையைக் கொட்டிப் பாருங்கள்: துகள் கழுவிய நியோடிமியம் காந்தம் அடியில் கிடக்கும். அது எம்ஆர்ஐ அறைக்குள் பறந்தால் கருவி மட்டும் உடையாது.

தங்கம் அருமையா சிவப்பா வந்துச்சு. சிடில ஒண்ணுமே தெரியலை.

மேலே சொன்ன அளவில் செய்த கரைசலில் தங்கம் மில்லிக்கு 0.05 மில்லிகிராம்தான். கண்ணுக்கு அடர் சிவப்பு; சிடிக்கு அது தண்ணீர். சில மில்லிகிராமாவது வேண்டும், அதாவது நூறு மடங்கு அடர்த்தி. சிட்ரேட்டோடு சென்ட்ரிஃபியூஜ் செய்தால் அடியில் கறுப்பாக இறுகி மறுபடி கலையாது. முதலில் தையால் (கந்தக) முனையுள்ள பெக் போட்டு, ஒரு ராத்திரி விட்டு, பிறகு அடர்த்தியாக்குங்கள். ஒப்பிட, மருத்துவமனையில் போடும் அயோடின் மருந்தில் மில்லிக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் அயோடின் இருக்கிறது.

வேப்பிலை, பிச்சாவரம் சுரபுன்னை இலைச்சாறுல செஞ்சா பக்கவிளைவு இல்லைதானே?

இலைச்சாறு ஒடுக்கும் வேலையைச் செய்யும், உண்மைதான். ஆனால் அதில் நூறு பொருள் இருக்கிறது, எது துகள்மேல் ஒட்டியது என்று தெரியாது. வெயில்கால இலைக்கும் மழைக்கால இலைக்கும் கலவை மாறும். அடுத்த பேட்ச் இதேபோல் வராது. ஸ்கேன் மருந்துக்கு முதல் தகுதியே ஒவ்வொரு பேட்ச்சும் ஒன்றுபோல இருப்பது. 'இயற்கை' என்பதால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் தள்ளுபடி ஆகாது. எண்டோடாக்ஸின் (பாக்டீரியா விட்டுப்போகும் நச்சு) சோதனை கூடுதலாகவே வேண்டும். பிச்சாவரத்தில் இலை பறிக்க வனத்துறை அனுமதியும் வேண்டும்.

0.22 ஃபில்டர் போட்டாச்சு. எலிக்குப் போடலாமா?

ஃபில்டர் பாக்டீரியாவைத் தடுக்கும், அது விட்டுப்போன எண்டோடாக்ஸினைத் தடுக்காது. டிஸ்டில்டு வாட்டர் கேனில் நாள்பட்ட நீர் இருந்தால் அங்கிருந்தே வரும். கண்ணாடியை 250 டிகிரியில் அரை மணி நேரம் சுடுங்கள். லால் (எண்டோடாக்ஸினை அளக்கும்) சோதனை செய்யுங்கள். தெரிந்த அளவு எண்டோடாக்ஸினைத் துகளோடு கலந்து, அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். நிறமுள்ள துகள் இந்தச் சோதனையையும் ஏமாற்றும்.

அதற்கு முன்னால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். சோதனை நடக்கும் இடம் சிசிஎஸ்இஏ (விலங்குச் சோதனைகளை மேற்பார்க்கும் மத்திய அரசுக் குழு) பதிவு பெற்ற விலங்குக் கூடமாக இருக்க வேண்டும்.

மனுஷங்களுக்கு எப்போ போடலாம்?

புராஜெக்ட் காலத்தில் இல்லை. கல்லீரல் எம்ஆர்ஐக்கான ஃபெரிடெக்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பிறகு விற்பனையிலிருந்தே நின்றுவிட்டது. 2009-இல் ஃபெருமாக்ஸிடால் ரத்தசோகை மருந்தாக அனுமதி பெற்றது. கடும் ஒவ்வாமை பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை 2015-இல் அதன் லேபிளில் ஏறியது. சில மருத்துவமனைகள் அதையே எம்ஆர்ஐக்கும் பயன்படுத்துகின்றன. நம் நாட்டில் நானோ மருந்துகளை மதிப்பிடும் வழிகாட்டுதலை உயிரித் தொழில்நுட்பத் துறை 2019-இல் வெளியிட்டது. செய்முறையைத் தொடங்குமுன்பே அதைப் பதிவிறக்கி, எந்தெந்தச் சோதனை கேட்கிறார்கள் என்ற பகுதியைப் படித்துவிடுங்கள். எந்த அளவீட்டை முதல் பேட்ச்சிலிருந்தே நோட்டில் எழுத வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.